காற்றின் வேற்றுமைகள்

இலக்கணம் என்ற வார்த்தை முதல் வரியில் வந்தாலே பக்கத்தைப் புரட்டிவிடுகிற வாசகர்கள் உண்டு. பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியாரிடம் வாங்கிய குட்டு அவர்களுக்கு இன்னும் ஆறவில்லை. இந்த ஒரு தடவை அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் சொல்லப்போவது ஒரே ஒரு பெயர்ச்சொல்லின் கதை. லத்தீன் பாஷையில் காற்றுக்குப் பெயர் அது: வெந்துஸ்.

காதில் விழும்போது ஏதோ அடுப்பில் வெந்துகொண்டிருக்கும் பண்டம் போலத்தான் இருக்கிறது. "பருப்பு வெந்துஸ் ஆகிவிட்டது, சாப்பிட வரலாம்" என்று என் மனைவி கேலி செய்கிறாள். செய்யட்டும். இரண்டு வருஷத்துக் கல்லூரிப் படிப்போடு நின்றுவிட்ட எனக்கும் லத்தீனுக்கும் ஏற்பட்ட உறவு கேலிக்கு இடமானதுதான். நான் எழுதிக்கொண்டிருந்த நாவலில் ஒரு கிழப் பாதிரியார் வந்தார். காய்ச்சல் வேகத்தில் அவர் லத்தீனில் பிதற்ற வேண்டியிருந்தது. அதற்காகத் திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த லத்தீன் பாடப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். பாதிரியார் இரண்டாவது அத்தியாயத்திலேயே காலமாகிவிட்டார். புத்தகம் மட்டும் மேஜையில் தங்கிவிட்டது.

லத்தீனில் எந்தப் பெயர்ச்சொல்லும் ஆண்பால், பெண்பால், இரண்டும் அல்லாத பால் என்ற மூன்று வீடுகளில் ஒன்றில் குடியிருந்தாக வேண்டும். மேஜை பெண். யுத்தம் இரண்டும் அல்லாதது. காற்று ஆண். இளங்காற்றுக்கு 'ஔரா' என்று கிரேக்கர்களிடம் இரவல் வாங்கிய ஒரு பெயர் உண்டு, அது பெண். உடனே, "மெல்லியது பெண், வல்லியது ஆண்" என்று சூத்திரம் எழுதிவிடாதீர்கள். புயலுக்கு உள்ள 'ப்ரொகெல்லா' என்ற பெயரும் பெண்பால்தான்! இலக்கணத்தின் பால் பாகுபாட்டில் நியாயம் தேடுகிறவன் கிணற்றில் சூரியனைத் தேடுகிறவன். நம்முடைய ஏற்பாடு வேறு. தமிழில் பொருளைப் பார்த்துத் திணை சொல்கிறோம். காற்று வந்தது, போயிற்று. அதையே வாயு பகவான் என்று சொல்லிவிட்டால், 'வந்தார், போனார்' என்று மரியாதை கூடிவிடுகிறது. அநுமாருக்குத் தகப்பன் ஆகிவிட்ட பிறகு அவரை அஃறிணையில் வைக்க முடியுமா?

அடுத்தது வேற்றுமை. தமிழில் பெயர் நிற்கும் இடத்தில் நிற்க, உருபு வந்து பின்னால் ஒட்டிக்கொள்கிறது. காற்றை, காற்றால், காற்றுக்கு என்று சொல்லும்போது தையல் எங்கே என்று கண்ணுக்குத் தெரிகிறது. லத்தீனில் தையல் தெரியாது. கடைசி அசையே உருமாறி, இது எந்த வேற்றுமை, ஒருமையா பன்மையா என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். வெந்துஸ் என்றால் காற்று. வெந்தும் என்றால் காற்றை. வெந்தீ என்றால் காற்றினுடைய. வெந்தோ என்றால் காற்றுக்கு. காற்றால் என்பதற்கும் அதே வெந்தோதான். கூப்பிட வேண்டுமானால், வெந்தே! நமக்கு எட்டு வேற்றுமை. அவர்கள் ஆறோடு குடும்பம் நடத்துகிறார்கள். பன்மையில் காற்றுகளுடைய என்பதற்கு வெந்தோரும். நமக்குக் 'காற்றுகள்' என்று சொன்னால் நாக்கில் கல் தட்டுப்படுகிறது. ரோமர்களுக்கு அது சர்வ சாதாரணம். எந்தத் திசையிலிருந்து எது வரும் என்று பயந்து பயந்து கப்பல் ஓட்டியவர்களுக்குக் காற்று ஒன்றல்ல, பல.

வேற்றுமை உருபில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்களுக்கு இரண்டு உதாரணம் சொல்லுகிறேன். காப்பாற்றாத வாக்கைக் 'காற்றில் பறக்கவிட்டான்' என்கிறோம். ரோமர்களும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் நான்காம் வேற்றுமையில். வார்த்தைகளைக் காற்றுகளுக்குக் கொடுத்துவிட்டான் என்பார்கள். நாம் பறக்கவிடுகிறோம், அவர்கள் தானம் செய்கிறார்கள். இரண்டு ஊரிலும் அரசியல்வாதிகள் இருந்திருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொரு உதாரணம் நமக்கு இன்னும் கிட்டத்தில் உள்ளது. பிளினி என்ற ரோமானியர் கி.பி. 77-ல் ஒரு பெரிய நூலை முடித்து, சக்கரவர்த்தியின் மகனுக்குக் காணிக்கையாக்கினார். உலகத்தில் உள்ள சகலத்தையும் ஒரே நூலில் அடைத்துவிட வேண்டும் என்ற ஆசை அவருக்கு. இரண்டு வருஷம் கழித்து, வெஸூவியஸ் எரிமலை பொங்கியபோது அதன் அருகே போய் உயிரை விட்டார். அந்த நூலின் ஆறாவது பகுதியில் இந்தியாவுக்கு வரும் கடல் வழியை எழுதுகிறார். செங்கடலின் வாயிலில் ஒகெலிஸ் என்ற துறை. அங்கிருந்து புறப்படுகிற கப்பல், 'ஹிப்பாலுஸ்' என்ற காற்றினால் நாற்பது நாளில் முசிறிக்கு வந்து சேரும் என்கிறார். நம் தென்மேற்குப் பருவக்காற்றுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. முசிறி, சங்கப் பாடல்களில் வருகிற அதே சேரநாட்டு முசிறி. இன்றைய கேரளத்தில் கொடுங்கல்லூர்ப் பக்கம். அந்த வாக்கியத்தில் நம்முடைய சொல் 'வெந்தோ' என்று நிற்கிறது. காற்றால். கருவிப் பொருள். துடுப்பால் அல்ல, அடிமைகளின் தோள்வலியால் அல்ல, காற்றால். மிளகுக்காகப் புறப்பட்ட கப்பல்களை அரபிக் கடல் முழுவதும் தள்ளிக்கொண்டு வந்து நம் கரையில் சேர்த்தது அந்த ஓர் 'ஓ'காரம். இதைப் படித்த அன்று எனக்கு மூன்றாம் வேற்றுமை உருபின் மேல் தனி மரியாதை உண்டாயிற்று.

இனி, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற விஷயம். என்னைப் பிடித்துக்கொண்டு விடாத விஷயம் அதுதான்.

வெந்துஸ் என்பது பிறவியில் பெயர்ச்சொல்லே அல்ல. அது ஒரு வினை. வந்தவன், கண்டவர், வீசுவது என்றெல்லாம் வினையே பெயராகி நிற்பதை வினையாலணையும் பெயர் என்று நம் இலக்கணம் சொல்கிறதல்லவா? வெந்துஸ் அந்த ஜாதி. 'வீசிக்கொண்டிருப்பது' என்பதே அதன் ஆதிப் பொருள். அடையாளம் அதன் நடுவில் இருக்கும் 'ந்த்' என்ற ஒலி. இந்த அடையாளம் உங்களுக்குப் புதிதல்ல. லத்தீனிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அங்கிருந்து நம் தெருவுக்கு வந்த சொற்களைப் பாருங்கள். ஏஜண்ட் என்றால் செய்துகொண்டிருப்பவன். பிரசிடெண்ட் என்றால் முன்னால் உட்கார்ந்திருப்பவன், எவ்வளவு பொருத்தம்! ஸ்டூடண்ட் என்றால் ஆர்வத்தோடு முனைந்திருப்பவன். இதில் பொருத்தம் கொஞ்சம் குறைவு. பேஷண்ட் என்றால் பொறுத்துக்கொண்டிருப்பவன். எல்லாவற்றிலும் அதே 'ந்த்' வாலாட்டுகிறது. ஏஜண்டும் பேஷண்டும் தாங்கள் வினை என்பதை ஓரளவு ஞாபகம் வைத்திருக்கிறார்கள். வெந்துஸ் அதை முற்றிலும் மறந்துவிட்டது. ரோமாபுரியில் அந்தச் சொல்லைப் பேசிய எவனுக்கும், தான் ஒரு வினையைப் பேசுகிறோம் என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஐரோப்பியப் பாஷைகளுக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுவான ஒரு மூதாதை மொழி இருந்தது. அதில் 'வீசு' என்பதற்கு ஒரு வேர் இருந்தது. ஆங்கிலேயரின் 'விண்ட்', வேல்ஸ்காரரின் 'குவின்ட்', சமஸ்கிருதத்தின் 'வாத', 'வாயு' எல்லாம் அந்த வேரின் பிள்ளைகள். சமஸ்கிருதத்தில் நடுவிலிருந்த மெல்லின ஒலி கரைந்து 'அ'வாகி, பக்கத்து உயிரோடு கலந்துவிட்டது. ஆனால் இந்தப் பிள்ளைகள் யாரும் வைத்துக்கொள்ளாத ஓர் ஒலி அந்த வேரின் தலையில் இருந்தது. தொண்டையிலிருந்து வரும் ஒரு மூச்சொலி. அதைக் கண்டுபிடித்த கதை துப்பறியும் நாவலுக்குக் குறைந்ததல்ல. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஸொஸ்யூர், இருபத்தொரு வயதில், பழைய வேர்ச்சொற்களில் இப்போது எந்தப் பாஷையிலும் கேட்காத சில ஒலிகள் இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதினார். 1879-ல் அச்சான நூல் அது. ஒலிக்குச் சாட்சி இல்லை. கணக்கு மட்டும் இருந்தது. பின்னால் துருக்கியில் மண்ணுக்குள்ளிருந்து ஹிட்டைட் ஜனங்களின் களிமண் பலகைகள் வந்தன. 1915-ல் அவற்றைப் படிக்க வழி கண்டார்கள். 1927-ல் குரிலோவிச் என்ற போலந்துக்காரர், ஸொஸ்யூர் சொன்ன இடங்களில் சில இடங்களில் ஹிட்டைட் எழுத்தில் ஒரு 'ஹ' இருப்பதை எடுத்துக் காட்டினார். ஹிட்டைட் மொழியில் காற்றுக்குப் பெயர் 'ஹுவந்த்'. தலையில் அந்த 'ஹ' இருக்கிறது! காற்றைக் குறிக்கிற சொல், தன் முதல் மூச்சைப் பேசுகிறவர்களின் வாயிலெல்லாம் இழந்துவிட்டு, சுட்ட மண்ணில் மூவாயிரம் வருஷத்துக்கு மேல் பத்திரமாகப் போட்டு வைத்திருந்தது.

நம் வீட்டுக்குள்ளேயே இந்தக் குடும்பத்தின் உறவினர்கள் இருக்கிறார்கள். வாதம், பித்தம், சிலேத்துமம் என்கிறோமே, அந்த வாதம் வெந்துஸின் ஒன்றுவிட்ட தம்பி. (வக்கீல் செய்கிற வாதம் வேறு குடும்பம்.) பாட்டிக்கு முழங்காலில் பிடித்துக்கொண்டதும், தாத்தாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டதும் சொல்லளவில் காற்றின் வேலை. நிர்வாணம் என்பதும் அந்த வேர்தான். தமிழில் அது துணி இல்லாமல் நிற்கிறது. பௌத்தர்களுக்கோ விளக்கு ஊதி அணைந்தது போன்ற சாந்தி.

ஜன்னலின் கதை இன்னும் ஸ்வாரஸ்யம். ஸ்பெயினில் ஜன்னலுக்கு 'வெந்தானா' என்று பெயர். வெந்துஸின் நேர் வாரிசு. ஆங்கிலத்தின் 'விண்டோ' என்பது ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியில் 'காற்றுக் கண்'. சமஸ்கிருதத்தில் வாதாயனம், காற்றின் வழி. சிலப்பதிகாரத்தில் ஜன்னலுக்குக் 'காலதர்' என்று பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. லத்தீனோடு நமக்கு ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனாலும் சுவரில் ஓட்டை போட்டவன் எந்த நாட்டவனானாலும் வெளிச்சத்தை நினைப்பதற்கு முன்னால் காற்றை நினைத்திருக்கிறான். பிறகு போர்த்துக்கீசியர்கள் வந்தார்கள். அவர்களுடைய 'ஜனேலா'வை எடுத்துக்கொண்டு காலதரைக் கைவிட்டோம். ஜனேலா, லத்தீனில் கதவைக் குறிக்கும் 'யானுவா'வின் சின்னப் பெண். இப்படியாக, லத்தீன் தெரியாத தமிழ்நாட்டில் வீட்டுக்கு நாலு லத்தீன் சொல் சுவரில் பதிந்திருக்கிறது.

சுவரில் பதிந்த இன்னொன்றும் உண்டு. கூரைக்குக் கொஞ்சம் கீழே, கைக்கு எட்டாத உயரத்தில், குருவி கூடு கட்டுகிற அந்தச் சின்னத் திறப்பு. கொத்தனார் முதல் வீட்டுக்காரர் வரையில் அதை வென்டிலேட்டர் என்றுதான் சொல்கிறோம். இந்தச் சொல்லுக்கு லத்தீனில் என்ன அர்த்தம் தெரியுமா? தூற்றுகிறவன். களத்தில் நின்று நெல்லையோ கோதுமையையோ காற்றில் தூற்றிப் பதர் பிரிக்கிற குடியானவன். வெந்துஸிலிருந்து பிறந்தது தூற்றுதல், தூற்றுதலிலிருந்து தூற்றுகிறவன். ஆங்கிலத்திலும் தூற்றுவதைக் குறிக்கும் சொல் காற்றிலிருந்தே பிறந்திருக்கிறது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்ற பழமொழியை நாம் வாயால் சொல்கிறோம். அவர்கள் அதை ஒரு சொல்லுக்குள்ளேயே மடித்து வைத்துவிட்டார்கள்.

அந்தக் குடியானவன் எப்படி யந்திரமானான்? ஸ்டீவன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், கப்பலின் அடித்தட்டிலும் சிறைச்சாலையிலும் நாறிப்போன காற்றை வெளியேற்றப் பெரிய துருத்திகளை அமைத்தார். 1743-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அந்தத் துருத்திக்கு வென்டிலேட்டர் என்று பெயர். அங்கிருந்து அந்தப் பெயர் மெல்ல மெல்ல ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. 1952-ல் டென்மார்க்கின் தலைநகரமான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து நோயாளிகள் வந்துகொண்டே இருந்தார்கள். இரும்புக் கூண்டு யந்திரங்கள் போதவில்லை. ப்யோர்ன் இப்ஸன் என்ற டாக்டர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றைச் செலுத்தச் சொன்னார். சுமார் 1500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக, மாதக்கணக்கில் அமுக்கினார்கள். ஒரு பையன் அமுக்குவதை நிறுத்தினால் ஒரு குழந்தையின் மூச்சு நிற்கும். இன்றைக்குத் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் யந்திரம் அந்த மாணவர்களின் கைக்குப் பதிலாக வந்தது.

2018-ம் வருஷம் என் தகப்பனாருக்கு நிமோனியா கண்டது. எழுபத்தாறு வயது. குடமுருட்டிக் கரையில் ஐம்பது வருஷம் பயிர்ச்செலவு செய்தவர். தை அறுவடையில் களத்தில் நின்று, ஒரு பிடி பதரை மேலே விட்டுக் காற்று எந்தப் பக்கம் என்று பார்த்து, பிறகுதான் முறத்தை எடுப்பார். காற்று விழுந்துவிட்டால் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வெற்றிலை போடுவார். அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் இரவு, இளவயது டாக்டர் ஒருவர் வந்து, "சார், அப்பாவுக்கு வென்டிலேட்டர் வைக்க வேண்டியிருக்கிறது" என்று காகிதத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

நாம் மூச்சு வாங்குவது எப்படி என்று பிறகு படித்தேன். மார்பு விரிகிறது; உள்ளே அழுத்தம் குறைகிறது; குறைந்த இடத்தை நோக்கி வெளிக்காற்று ஓடிவருகிறது. வங்காள விரிகுடாவில் தாழ்வு மண்டலம் என்று வானொலியில் சொல்கிறார்களே, அதே காரியம் நம் நெஞ்சுக்குள் நடக்கிறது. மூச்சு என்பது உவமைக்காக அல்ல, நிஜமாகவே ஒரு காற்று. யந்திரம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. இழுப்பதற்குப் பதிலாகத் தள்ளுகிறது.

எட்டு நாள் தள்ளிற்று. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அதன் வேலையைக் குறைத்து, அப்பாவின் மார்பைத் தானாக வேலை செய்யப் பழக்கினார்கள். இதற்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர், குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதற்கு உள்ள பெயர்தான். அப்பா பால் மறந்தார். ஊருக்குத் திரும்பி, திண்ணையில் சாய்ந்து உட்கார்ந்த பிறகு ஒரு நாள் கேட்டேன். "மருந்து மயக்கம் தெளிஞ்ச அந்த ரெண்டு நாள் எப்படி இருந்தது அப்பா?"

"நம்ம மூச்சு இல்லடா அது. அது பாட்டுக்கு வந்துது, போச்சு. நான் களம் மாதிரி கிடந்தேன்."

வென்டிலேட்டர் என்றால் தூற்றுகிறவன் என்று அர்த்தம் என்பதைச் சொன்னேன். அவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எண்ணித்தான் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தூத்தினா பதர் போவணும். பக்கத்துக் கட்டில் பையன் போயிட்டானாமே, நர்சம்மா சொல்லிச்சு. இருபத்திரண்டு வயசாம். அவன் பதரா? நான் நெல்லா?"

என்னிடம் பதில் இல்லை. அவரும் பதிலை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. "தூத்தறவன் கையிலே என்ன இருக்கு? அள்ளி விடறான். மத்தது காத்தோட வேலை" என்று தானே முடித்துவிட்டு, வெற்றிலைச் செல்லத்தை எடுத்துத் தரச் சொன்னார். அடுத்த வருஷம் ஐப்பசியில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அவருக்கு லத்தீன் தெரியாது. ஆனால் வெந்துஸ் என்ற சொல்லைச் செய்தவர்கள் அறிந்திருந்த ஒரு விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. காற்று ஒரு பொருள் அல்ல; ஒரு நடப்பு. அதைப் பெட்டியில் அடைத்தால் இருப்பது காற்று அல்ல, அடைபட்ட ஆகாயம். விட்ருவியுஸ் என்ற ரோமானியக் கட்டடக்காரர்கூட, அலையாக ஓடும் ஆகாயத்துக்குத்தான் வெந்துஸ் என்று பெயர் என எழுதி வைத்திருக்கிறார். ஓடாமல் நின்றுவிட்டால் அதற்குப் பெயர் வேறு. இலக்கணம் நமக்குச் செய்கிற உபகாரமும் உபத்திரவமும் இதுதான். ஓடிக்கொண்டிருப்பதைப் பிடித்து, பால் கொடுத்து, எண் கொடுத்து, ஆறு வேற்றுமைக் கட்டத்துக்குள் உட்கார வைக்கிறது. அது உட்கார்ந்ததும், கைவசம் இருக்கிற சொத்து மாதிரி நாம் பேசத் தொடங்கிவிடுகிறோம். என் மூச்சு, என் உயிர், என் ஆயுள் என்று ஆறாம் வேற்றுமையில் உரிமை கொண்டாடுகிறோம். 'ந்த்' என்ற அந்தச் சின்ன ஒலியோ நடுவில் நின்றபடி, இது நடந்துகொண்டிருக்கிற காரியம், நடக்கிற வரையில்தான் இதற்கு இந்தப் பெயர் என்று சொல்லிக்கொண்டேயிருக்கிறது.

நாமும் இதை அறியாதவர்கள் அல்ல. கத்திரி வெயில் நாளில் சாயங்காலம் திண்ணைக்கு வந்து உட்காருகிறோம். மரத்தில் ஓர் இலை அசையவில்லை. மூக்கு வழியாக இழுப்பதும் விடுவதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. திண்ணையிலும் தெருவிலும் ஆகாயம் வரையிலும் அது நிறைந்துதான் இருக்கிறது. ஆனாலும் விசிறியை எடுத்துக்கொண்டு, "அப்பாடா, காற்றே இல்லை" என்கிறோம். எந்த இலக்கணப் புத்தகமும் படிக்காமல், மிகச் சரியாகச் சொல்கிறோம்.